ஒரு நூல் வித்தியாசத்தில் ஓடிப்போன படகு

சிலருக்கு உயரம் என்றால் பயம், சிலருக்குக் கரப்பான் பூச்சி. எனக்குக் காத்திருப்பது. பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கி இறங்கி, கண்டி மாவட்டத்தின் பாதித் தரிப்பிடங்களை என் முழங்கால்களில் தழும்பாகப் பதிந்து வைத்திருக்கிறேன். பிளேன்டீ ஆறும்வரை பொறுக்காமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிறேன். என் கலியாணத்தன்று ஐயர் மந்திரத்தை முடிப்பதற்குள் தாலியைத் தூக்கிவிட்டேன். "இருங்க தம்பி, பொண்ணு எங்கயும் ஓடிப்போகாது" என்று அவர் சொன்னது மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. (வீடியோவிலும் இருக்கிறது. அழித்துத் தாருங்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க" என்றார்கள். இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.)

இந்தக் குணத்தால் அடி எனக்கு மட்டும் விழுந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. ஆனால் என் மச்சானின் மூன்று வருட உழைப்பை நடுவீதியில் அவிழ்த்து விட்டவன் நான். இதுவரை வேறு ஆட்கள்தான் அந்தக் கதையைச் சொல்லி வருகிறார்கள். ஒரு தடவையாவது நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கலியாணமாகி நான்கு மாதம். கண்டியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. மனைவி கலாவின் வீடு பிலிமத்தலாவை. மாமாவுக்கு அங்கே துணிக்கடை. கலாவின் அண்ணன் சிவா மூன்று வருடம் கத்தாரில் வெயிலில் காய்ந்துவிட்டு வந்து, அந்தக் காய்ச்சலுக்குப் பழிவாங்குவது போல ஒரு படகு வாங்கினார். நீர்கொழும்புப் பக்கம் யாரோ பாவித்த பைபர் படகு. பத்துப் பேர் உட்காரலாம். பின்னால் எஞ்சின், அடியில் இரண்டு சக்கர ட்ரெய்லர். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டுவது அவர் திட்டம். அனுமதிக் கடிதத்துக்காக அவர் ஏறாத கந்தோர் கிடையாது.

லொறியில் வந்து இறங்கிய படகு மாமா வீட்டுக் கொட்டகையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நல்ல நேரம். திகனைக்கு அப்பால் நீர்த்தேக்கத்தின் ஓரமாக உள்ள சின்னக் கோயிலில் பூசை, பொங்கல், அப்புறம் படகைத் தண்ணீரில் இறக்குவது. அன்று மத்தியானமே ஒரு கூட்டம் வெளிநாட்டுக்காரர்கள் சவாரிக்கு வருவதாக ஏற்பாடு. எல்லாம் தயார். ஒன்றைத் தவிர.

"கூட்டாளிகிட்ட டபுள் கேப் வண்டி கேட்டிருக்கேன்," என்றார் சிவா, சனிக்கிழமை சாப்பாட்டின்போது. "பின்னால இழுக்கிறதுக்கு இரும்புச் சட்டம் இருக்கு. அதுல பூட்டுற உருண்டைதான் இல்ல. அதப் போய் வாங்கணும். எனக்கு இன்னைக்குக் கடைசிக் கையெழுத்துக்குப் போகணும்."

"நான் வாங்கிட்டு வாறேன்," என்றேன் நான். அவர் பேசி முடிக்கவில்லை, என் வாயில் சோறு வேறு.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் எனக்கு 'பைல் மாப்புள' என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். பல்பு மாற்றுவதற்குக்கூடப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவன் என்று கலா சொல்லி வைத்திருந்தாள். (ஒரு தடவைதான். அதுவும் ஏணி ஆடியது.)

"மாப்புளைக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார் மாமா.

"அது சின்ன விசயம் மாமா," என்றேன்.

சின்ன விசயம்தான். ட்ரெய்லரின் நீண்ட மூக்கின் நுனியில், கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஓர் இரும்புத் தலை இருக்கும். வண்டியின் பின்னால் இரும்பு உருண்டை. கிண்ணம் உருண்டையின் மேல் உட்கார்ந்து, மேலே உள்ள நெம்பை அழுத்திப் பூட்டினால் இரண்டும் ஒன்று. உருண்டையின் அளவும் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இவ்வளவையும் நான் கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்தேன். வீடியோ பன்னிரண்டு நிமிடம். நான் பார்த்தது நான்கு.

"அளவ எடுத்துட்டுப் போங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு சிவா கிளம்பினார்.

கொட்டகைக்குப் போனேன். கிண்ணம் முழுக்கக் கிரீசும் புழுதியும் கட்டியாக அப்பியிருந்தது. அளவு நாடா அத்தையின் தையல் மெசினில் இருந்தது, அத்தை பின்வளவில் இருந்தார். கூப்பிட்டு, அவர் கை கழுவி, வந்து, எடுத்துத் தருவதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடம்! பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் கிண்ணத்தின் வாய்க்குள் விட்டு அளந்துகொண்டேன். அந்த வளையத்தை அப்படியே கலைக்காமல் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிலிமத்தலாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு இரண்டு பஸ். வலது கையில் வளையம், இடது கையில் மிச்ச உலகம். கண்டக்டர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, தன் பஸ்ஸை நான் பாராட்டுகிறேன் என்று நினைத்து அதே மாதிரி விரலை வளைத்துக் காட்டிச் சிரித்தார். எதிர் ஆசனத்தில் இருந்த ஒரு பெண் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பேராதனை வளைவில் பஸ் சாய்ந்தபோது விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்தேன். எந்தக் கையால் பிடித்தேன் என்பது கட்டுகஸ்தோட்டையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, விரலுக்கு ஞாபகம் இருக்கும் என்று மறுபடியும் வளைத்துக்கொண்டேன்.

பாலத்துக்குக் கிட்ட வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர் சலீம் நானா, அதாவது சலீம் அண்ணன். அறுபது வயதிருக்கும். எதையும் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் மேசையில் வைப்பார். அவர் அன்று எனக்கு எதிராகத் திட்டமிட்டு நிதானமாக நடந்தார் என்றே அப்போது நினைத்தேன்.

"படகும் ட்ரெய்லரும் சேந்து என்ன பாரம் ஈக்கும் மகன்?" என்று கேட்டார்.

"சாதாரண பாரம்தான் நானா."

"கிண்ணத்துக்கு என்ன அளவு?"

விரல் வளையத்தை நீட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வளையத்தை.

"அளவ கிண்ணத்துட தலைலயே அடிச்சீக்குமே. பார்க்கல்லயா?"

"அப்படி ஒண்டும் இல்ல நானா." (கிரீஸ் இருந்தது என்று சொல்லவில்லை. துடைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பாரே.)

உள்ளே போய் இரண்டு உருண்டைகளைக் கொண்டு வந்தார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஒன்று இரண்டு அங்குலம், மற்றது அதைவிட ஒரு நூல் குறைவு. நூல் என்றால் தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று. அருகருகே வைத்தால்கூட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. சின்னதை எடுத்து என் விரல் வளையத்துக்குள் விட்டேன். சும்மா கச்சிதமாகப் பொருந்தியது.

"இதுதான் நானா!"

"இல்ல மகன். வீட்டுக்குப் போயி அளந்துட்டு வாங்கொ. அஞ்சு மணி மட்டும் நான் ஈக்கிறேன்."

"ஒரு நூல்தானே நானா? சின்னது பெரிசுக்குள்ள எப்படியும் போயிரும்."

சலீம் நானா கண்ணாடியைக் கழற்றினார். "போகும் மகன். போறதுதான் பிரச்சின. போகாட்டி நீங்க கொண்டு வந்து மாத்துவீங்க. போனா பூட்டும் விழும், பார்க்க எல்லாம் சரியாத்தான் ஈக்கும். பொறகு ரோட்டுல ஒரு மேட்டுல ஏறி எறங்கக்குள்ள கழண்டு போகும்."

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர் சொல்லியும், எனக்கு அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரம்தான் தெரிந்தது. திரும்பப் போய் அளந்து, திரும்ப வந்து... நினைத்தாலே கால் அரித்தது. சின்னதையே கட்டித் தரச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கொக்கி வைத்த சங்கிலிகள் இரண்டையும் உறையில் போட்டார்.

"இத மூக்குக்குக் கீழால குறுக்க போடுங்கொ. ஒருவேள கழண்டாலும் மூக்கு கீழ விழாம இது தாங்கும். இன்னொண்டு செல்றேன். மாட்டினப் பொறகு மூக்குக்கு அடில ஜாக்க வெச்சுத் தூக்கிப் பாருங்கொ. வண்டிட பின்பக்கமும் சேந்து எழும்போணும். மூக்கு மட்டும் எழும்பினா ஓடாதீங்கொ."

"சரி நானா, சரி நானா, சரி நானா," என்றேன். மூன்றாவது சரிக்கு நான் ஏற்கெனவே வீதியில் இருந்தேன்.

ஞாயிறு காலை. மாமா, அத்தை, கலா, ஐயர் எல்லோரும் ஒரு வேனில் முன்னால் போய்விட்டார்கள். படகை நானும் சிவாவும் கொண்டு போவதாக ஏற்பாடு. சிவா எஞ்சினைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நான் உருண்டையை டபுள் கேப்பின் சட்டத்தில் முடுக்கினேன். அப்புறம் சாமான் ஏற்றினேன். பெற்றோல் கான்கள், பொங்கல் பானை, அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, மாமாவின் கடையிலிருந்து இருபது பிளாஸ்டிக் கதிரைகள். படகின் முன்பக்கத்துக்கு மாலை போட்டிருந்தது, அது நசுங்கக்கூடாது என்று எல்லாவற்றையும் பின்னால் எஞ்சினோடு சேர்த்து அடுக்கினேன். பிறகு மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். ஒரே கையால் வந்தது!

"பாத்தீங்களா மச்சான்? பூ மாதிரி இருக்கு," என்றேன்.

மூக்கு பூ மாதிரி இருக்கக்கூடாது. பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் அழுத்தவேண்டும், இல்லாவிட்டால் மூக்கு மேலே துள்ளும். இது அந்த வீடியோவின் ஐந்தாவது நிமிடத்தில் இருந்தது.

கிண்ணம் உருண்டையில் உட்கார்ந்தது. நெம்பு 'டக்' என்று பூட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த பெருமிதம் கலியாணத்தன்றுகூட வரவில்லை.

"சங்கிலி போட்டாச்சா?" என்றார் சிவா.

"எட்டே முக்கால் மச்சான்! போற வழியில போட்டுக்கலாம். ஏறுங்க ஏறுங்க."

சங்கிலி பின்னாசனத்தில், சலீம் நானா முடிச்சுப் போட்டுக் கொடுத்த உறையிலேயே பிரயாணம் செய்தது. ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில், நிறுத்தி வைக்கும்போது தாங்குவதற்கு ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. ஓடும்போது அதை உயர்த்தி வைக்கவேண்டும். அதையும் அரைகுறையாகத்தான் உயர்த்தினேன். (இந்த ஒரு மறதிக்காக மட்டும் பிறகு கடவுளுக்கு நன்றி சொன்னேன்.)

வண்டியை நான்தான் ஓட்டினேன். யார் ஓட்டுவது என்று சிவா கேட்பதற்குள் சாவி என் கையில் இருந்தது. பேராதனை வரை ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் 'டொக்' என்று கேட்டது.

"ஏதோ சத்தம் வருது மச்சான். நிப்பாட்டிப் பாப்போமா?"

"புது சாமான் அப்படித்தான் மச்சான். போகப் போகப் பழகிரும்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சலீம் நானா கடை வாசலில் நின்றார். நான் பெருமையாக ஹோர்ன் அடித்தேன். அவர் எங்கள் வண்டியைப் பார்த்தார், ட்ரெய்லரின் மூக்கைப் பார்த்தார், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு வீதிக்கு ஓடி வந்தார்.

"எவ்வளவு பாசமான மனுசன்," என்று சிவாவிடம் சொல்லிவிட்டு நானும் கையை ஆட்டினேன்.

திகனைப் பக்கம் போகும் வீதியில் ஓர் இறக்கம் வந்தது. இறக்கத்தின் தொடக்கத்தில் வேகத்தடை ஒன்று. அதில் ஏறி இறங்கியபோது 'டொக்' கேட்கவில்லை. பெரிதாக ஒரு 'டங்'. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வண்டி திடீரென்று இலேசாகப் பறந்தது.

"பாத்தீங்களா, பழகிரிச்சு!" என்றேன். "இப்ப என்னமா ஓடுது!"

கீழே வளைவு. நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி மெதுவானது. சிவா என் பக்கத்து யன்னலை எட்டிப் பார்த்தார். அவர் குரல் ஒரு மாதிரியாக வந்தது.

"மச்சான்... அது நம்ம படகு இல்ல?"

திரும்பினேன். மாலை போட்ட ஒரு படகு, எங்களுக்கு வலது பக்கமாக, இருபது கதிரைகளோடு, எங்களை முந்திக்கொண்டிருந்தது. குட்டிச் சக்கரம் நிலத்தைத் தொட்டு உருண்டதால் மூக்குக் குத்திக் கவிழாமல், யாரோ ஓட்டுகிற மாதிரி நிதானமாக ஓடியது. ஹோர்ன் அடித்தேன். (யாருக்கு அடித்தேன் என்று பொலிசாரும் பிறகு கேட்டார்கள்.)

இனி நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் சாரதி படகைக் கண்டு பிரேக் போட்டார். டயர் கிறீச்சிட்டது, பஸ்ஸுக்குள்ளிருந்து கூச்சல். வீதியோரத்தில் ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். படகு பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் போனது. பஸ்ஸின் முகப்பிலிருந்து ஒரு முழம், அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு முழம். காற்றில் குடை கையை விட்டுப் பறந்தது. பிறகு படகு வீதியை விட்டு இறங்கி, மதகுக்கும் பலாமரத்துக்கும் இடையிலிருந்த வெளிக்குள் புகுந்து, கீழே தண்ணீர் கட்டி உழுது வைத்திருந்த வயலில் பாய்ந்தது. ட்ரெய்லர் சேற்றில் குத்தி நின்றது. படகு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கி, நாற்றுக்குக் காத்திருந்த வயலின் நடுவில் போய் ஒரு தரம் சுற்றி ஓய்ந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். முதலில் அந்தப் பெண்ணிடம் ஓடினேன். அவர் மதகில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், சந்தைக்குப் போகிற பை கையில். நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவர் ஏசவில்லை. "தண்ணி" என்று மட்டும் சைகை காட்டினார். போத்தலைக் கொடுத்தேன். அவர் குடித்ததில் பாதி சேலையில் கொட்டியது. மூடியைத் திறந்து கொடுக்கவே எனக்கு அவ்வளவு நேரமாகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை மெதுவாகச் செய்தேன்.

வயலில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு, முழங்கால் வரை சேற்றில் நின்றார். வரம்பைச் சரிசெய்துகொண்டிருந்தவர். பத்தடி தூரத்தில் ஒரு படகு வந்து நின்றதைப் பார்த்தார். எட்டி அதற்குள் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, உதவி செய்கிற குரலில் சிங்களத்தில் சொன்னார்:

"மஹத்தயா, மெதன வதுர மதி."

ஐயா, இங்கே தண்ணீர் பத்தாது.

சிவா வரம்பில் உட்கார்ந்திருந்தார். சேற்றில் இறங்கிப் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. எஞ்சினின் விசிறி சேற்றுக்குள். மூன்று வருடம். அவர் என்னை அடித்திருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன்.

"மச்சான்," என்றார் மெதுவாக. "நீங்க மாட்டுனீங்கதானே?"

"மாட்டினேன் மச்சான்."

"அப்ப எதுல மாட்டுனீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. அத்தை. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும் குரல் அவருக்கு. "டேய் சிவா, நல்ல நேரம் தொடங்கிருச்சு, ஐயர் அவசரப்படுத்துறாரு, எங்கடா இருக்கீங்க? படகு எங்கடா?"

சிவா வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படகு தண்ணில எறங்கிருச்சும்மா," என்றார்.

மறுமுனையில் குலவைச் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல்: "எங்கள விட்டுட்டா எறக்குனீங்க?"

அரைமணி நேரத்தில் வேன் வந்தது. அதற்குள் போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து என் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிவிட்டார். "சங்கிலி இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது சேர் என்று உறையை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியை வெளியே எடுத்து, அதை என் கழுத்துக்குப் பிடித்து அளவு பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, எழுதத் தொடங்கினார்.

மாமா வேனிலிருந்து இறங்கி வயலைப் பார்த்தார். அத்தை நெஞ்சில் கை வைத்தார். கலா நேராக டபுள் கேப்புக்குப் பின்னால் போய், குனிந்து, அந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கலியாணமான ஒருவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எல்லோரையும் காப்பாற்றியது ஐயர்தான். கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடிய இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்கு. படகு தண்ணிலதானே நிக்குது? இங்கயே செஞ்சிருவோம்," என்றார். வேட்டியை மடித்துக்கட்டி வரம்பில் இறங்கினார். படகிலிருந்து கதிரைகளை எடுத்து வயலோரம் வரிசையாகப் போட்டோம். முதல் கதிரை குடைக்காரப் பெண்ணுக்கு. இரண்டாவது வயல்காரப் பெரியவருக்கு. பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் இறங்கி நின்று பூசை பார்த்தார்கள். மூன்று கல் வைத்துப் பொங்கல் பொங்கியது. வயல்காரர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தெரிந்த ஆளின் உழவு இயந்திரத்துக்கு ஆள் அனுப்பினார்.

அப்போதுதான் ஓர் ஓட்டோ வந்து நின்றது. சலீம் நானா இறங்கினார். கடையைப் பூட்டிவிட்டு எங்களைத் துரத்தி வந்து, வழியெல்லாம் "படகு போனதா, படகு போனதா" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில் கேட்ட ஆள், "போனது, வயலுக்குள்ள" என்றாராம். கையில் இரண்டு அங்குல உருண்டை, துணியில் சுற்றி.

சேற்றில் கிடந்த ட்ரெய்லரின் கிண்ணத்தில் பெருவிரலால் கிரீசை வழித்தார். ஒரு தரம். இன்னொரு தரம். கிரீசுக்கு அடியில், தலையிலேயே, தெளிவாக '2' என்று அடித்திருந்தது.

"ஒரு நூல் மகன்," என்றார். பெருவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் கொஞ்சம் ஏசியிருக்கலாம்.

உழவு இயந்திரம் படகையும் ட்ரெய்லரையும் வீதிக்கு இழுத்துவிட்டது. சலீம் நானா உருண்டையை மாற்றினார். சாமான்களை முன்னால் நகர்த்தச் சொன்னார். கிண்ணத்தைப் பூட்டி, ஜாக்கை வைத்துத் தூக்கினார். ட்ரெய்லரின் மூக்கோடு டபுள் கேப்பின் பின்புறமும் சேர்ந்து எழும்பியது. சங்கிலி இரண்டையும் கீழே குறுக்காகப் போட்டார். குட்டிச் சக்கரத்தை முழுதாக உயர்த்திப் பூட்டினார். இவ்வளவுக்கும் எடுத்தது பன்னிரண்டு நிமிடம். நின்று பார்த்ததால் எனக்குத் தெரியும். நகரக்கூடாது என்று கலா சொல்லியிருந்தாள்.

அன்றைய சவாரி கைவிட்டுப் போனது. வெளிநாட்டுக்காரர்கள் கரையில் காத்திருந்துவிட்டு யானை பார்க்கப் போய்விட்டார்கள். வெடிப்பை அடைத்து, எஞ்சினைப் பிரித்துக் கழுவி, படகு உண்மையான தண்ணீரைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் விடுமுறை நாட்களில் நான் சிவாவோடு பைபர் தேய்த்தேன். அவர் என்னோடு பேசத் தொடங்கியது இரண்டாவது வாரத்தில். முதலில் சொன்ன வார்த்தை, "மெதுவா."

இப்போது சிவாவிடம் மூன்று படகுகள். முதல் படகுக்கு அத்தை நினைத்திருந்த பெயர் 'கங்கா'. சிவா அதில் 'வயல் ராணி' என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்தார். ஏறுகிறவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்காமல் இருப்பதில்லை. அவர் சொல்லாமல் இருப்பதுமில்லை. அடியில் ஒட்டுப்போட்ட இடத்தைக்கூடக் காட்டுவார். என்னைத் தெரியாத பல நாட்டுக்காரர்களுக்கு நான் செய்தது தெரியும். வீட்டிலும் நான் புதிதாக ஏதாவது தொடங்கப் போகிறேன் என்றால், பாத்ரூம் குழாய் மாற்றுவதானாலும் சரி, என் மகள் உள்ளிருந்தபடியே "மெதன வதுர மதி, மஹத்தயா" என்று குரல் கொடுப்பாள்.

போன மாதம் கலாவும் நானும் வயல் ராணியில் போனோம். எங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம். சிவா எங்களை யாரென்று சொல்லாமலே கதையைத் தொடங்கினார். விரல் வளையத்தோடு நான் பஸ்ஸில் போனதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தெரியாதவன் போலச் சிரித்தேன்.

அதில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஐயோ தம்பி, பேந்து அந்த மனுசனுக்கு என்ன நடந்தது?"

"அவரா?" என்றார் சிவா, எஞ்சினைக் குறைத்தபடி. "அதுக்கு முந்தியே அவர என் தங்கச்சிக்கு மாட்டி விட்டுட்டோம்."

கலா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் கழண்டுச்சு. அது மட்டும் கழலவே இல்ல."